இரண்டு கம்பெனியும் ஓர் ஆயுத பூஜையும்

கணினியை மேகத்தில் வைக்கலாம் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்திருந்தால், அவரை ஒரு வாரம் எங்கள் கிள்ளான் அலுவலகத்துக்கு வேலைக்கு அழைத்திருப்பேன். எங்களிடம் படும் பாட்டில், வெள்ளிக்கிழமைக்குள் மனுஷர் வேறு தொழில் தேடிப் போயிருப்பார்.

எங்களுடையது ஃபார்வர்டிங் கம்பெனி. கப்பலேறும் கொள்கலன்களுக்குச் சுங்க அறிக்கை தயாரித்து அனுப்புவோம். அவற்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒன்பது லோரிகள் இருக்கின்றன. அலுவலகம் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில். நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு. நிர்வாகம் என்றால், வேறு யாரும் தொட விரும்பாத எல்லா வேலையும்.

சுங்க அறிக்கைகளை அனுப்புகிறவள் என் பக்கத்து மேசைக்காரி. பதினெட்டு வருடமாக எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு குப்பைக்கூடைதான் இடைவெளி. என்னைவிட ஆறு வயது இளையவள். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். கொள்கலன் எண்ணை ஒருமுறை பார்த்தாலே எந்த இலக்கம் தப்பென்று சொல்லிவிடுவாள். லோரி ஓட்டுநர்களே அவளிடம் காகிதத்தை நீட்டும்போது கொஞ்சம் பயப்படுவார்கள்.

அந்த வருடம் அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வீடு தெலுக் பங்லிமா காராங்கில். அவரைத் தூக்கி உட்கார வைக்கவும், கஞ்சி கொடுக்கவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் சம்பளம் நின்றுவிட்டது. இனி அவள் சம்பளம் ஒன்றுதான். இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பும் பாதி நாள் விடுப்புமாக ஓட்டியவள், ஒருநாள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, வீட்டுலேர்ந்து செய்ய முடிஞ்சா நான் இருக்கேன். முடியலன்னா தீபாவளி கழிச்சு லெட்டர் குடுத்துடுறேன். வேற வழி தெரியல."

இதை முதலாளியிடம் கொண்டுபோனேன். இவருடைய அப்பாவிடமே வேலைக்குச் சேர்ந்தவள் நான். அதனால் முதலாளி என்னை அக்கா என்பார், நான் அவரை பாஸ் என்பேன். நல்ல மனுஷர். ஆனால் எதையும் வாயால் செய்து முடித்துவிடுவார்.

"அதுக்கென்ன அக்கா, இப்பதான் எல்லாம் கிளவுட்ல வந்துருச்சே லா. நல்லதா ஒண்ணு பாத்து எடுங்க. ஆபீஸ் மொத்தத்துக்கும் சேத்து எடுத்துருவோம்."

அவர் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆனது. எனக்கு நான்கு மாதம் ஆனது.

விஷயம் கேட்கும்போது எளிமையாகத்தான் இருந்தது. நம் கணினி நம்மிடம் இருக்காது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் திரை மட்டும் இணையம் வழியாக நம் வீட்டுக்கு வரும். நாம் இங்கே தட்டினால் அங்கே எழுத்து விழும். எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஆபீஸ் வேலை செய்யலாம். இவ்வளவுதான். இதை விற்க வருகிறவர்கள் இவ்வளவுதான் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் பிரச்சினை.

முதல் கம்பெனியின் ஆள் என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த வெயிலில், அந்தக் கடையில், ரசத்துக்கு முன்னால் கோட்டு. லேப்டாப்பைத் திறந்து படம் படமாகக் காட்டினார். பிறகு, எங்களுக்குப் பெர்சிஸ்டன்ட் வேண்டுமா, நான்-பெர்சிஸ்டன்ட் வேண்டுமா என்று கேட்டார்.

"அப்படின்னா?"

"ஒண்ணுல உங்க டெஸ்க்டாப் அப்படியே இருக்கும் ஆன்டி. இன்னொண்ணுல ஒவ்வொரு தடவையும் ஃப்ரெஷ்ஷா வரும்."

"நேத்து நான் வச்ச ஃபைல் இன்னிக்குக் காலையில இருக்குமா, இருக்காதா? அதச் சொல்லுங்க."

"அது பாலிசியப் பொறுத்தது ஆன்டி."

விலை எவ்வளவு என்றேன். பயன்பாட்டைப் பொறுத்தது என்றார். எங்கள் பழைய சுங்க மென்பொருள் அதில் ஓடுமா என்றேன். சூழலைப் பொறுத்தது என்றார். ஆமாம், இல்லை என்கிற இரண்டு சொற்களை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் எனக்கு மோர் இரண்டாவது முறை வந்துவிட்டது. ஆன்டி என்று கூப்பிட்டதை மன்னித்துவிட்டேன். மற்றதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அவர் கெட்டிக்காரர். அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து முதலாளிக்கு டெமோ காட்டியபோது, திரை முழுக்க எங்கள் லோரியின் படத்தைப் போட்டிருந்தார். பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அந்த நிமிடமே முடிவு பாதி ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கம்பெனி சுங்கை வேயில் ஒரு கடைக்கு மேல் இருக்கும் சின்னக் கம்பெனி. அங்கிருந்து ஒரு பெண் முதுகுப்பையோடு மாடியேறி வந்தாள். பால் போடாத கோப்பி-ஓ வாங்கிக் குடித்துவிட்டு, முதல் கேள்வியாக, "வீட்டுலேர்ந்து வேல செய்யப் போறவங்க வீட்டுல இன்டர்நெட் லைன் எப்படிக்கா?" என்று கேட்டாள். நான்கு மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளுடைய சேவையில் திரை சாம்பல் நிறத்தில் இருந்தது. படம் கிடையாது, பளபளப்பு கிடையாது. மெதுவான லைனில் ஓட வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்களாம். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, டல்லா இருக்கு?"

"வேல செய்யறதுக்குத்தானே பாஸ். கல்யாணம் பண்ணவா?"

சிரித்தார். ஆனாலும் ஒப்பிட்டுக் கொடுங்கள் என்றார். இருபத்துமூன்று வரிசையில் அட்டவணை போட்டேன். தகவல் எந்த நாட்டில் இருக்கும், நகல் எத்தனை மணிக்கு எடுப்பார்கள், பிரிண்டர் வேலை செய்யுமா, கோளாறென்றால் யார் ஃபோன் எடுப்பார். மூன்று வாரம் இரண்டு கம்பெனியையும் துரத்தித் துரத்திக் கேட்டு நிரப்பிய அட்டவணை. முதலாளி அதை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பச்சை கலர் போட்டது எல்லாம் நல்லதா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அட்டவணையைக் கிழித்திருக்க வேண்டும். திரையில் இருந்ததால் கிழிக்க முடியவில்லை.

கடைசியில், இரண்டையும் தலா ஒரு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்ப்போம், பக்கத்து மேசைக்காரி வீட்டில் எது ஓடுகிறதோ அதை எடுப்போம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

முதல் வாரம் கோட்டுக்காரருடையது. அலுவலகத்தில் அருமையாக ஓடியது. தெலுக் பங்லிமா காராங்கில் அவள் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் கணவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தால் அந்த எழுத்து விழுந்திருக்கும். நல்ல லைன் வாங்கச் சொல்லுங்கள் என்றார் கோட்டுக்காரர். அவள் வாங்க மாட்டேன் என்றா சொன்னாள்? விண்ணப்பம் போட்டு ஐந்து மாதமாகிறது. கேபிள் தெருமுனைவரை வந்துவிட்டது, ஆனால் புது இணைப்புக்கு அதில் போர்ட் காலியில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில். தெருமுனையில் நின்று வேலை செய்ய முடியுமா?

இரண்டாவது வாரம் சுங்கை வே பெண்ணுடையது. அவள் வந்து என் பக்கத்து மேசையின் பழைய கணினியோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்தாள். எங்கள் சுங்க மென்பொருளுக்கு ஒரு டோக்கன் உண்டு. கட்டைவிரல் அளவில், பென்டிரைவ் மாதிரி இருக்கும். அது செருகியிருக்கும் கணினி வழியாகத்தான் அறிக்கை போகும். அந்தக் கணினி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, மானிட்டரின் மேல்விளிம்பில் "ஜாங்கான் ஆஃப்" என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போனாள். அணைக்காதே என்று அர்த்தம். மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதினால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான்கு நாள் ஒரு சிக்கலும் இல்லை. காலை ஒன்பதுக்குப் பக்கத்து மேசைக்காரி தன் வீட்டில் உட்கார்ந்தால் இங்கே ஆளில்லாத மேசையில் அறிக்கைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும். "அக்கா, அவரக் குளிப்பாட்டிட்டு வந்து மூணு கொன்டேனர் முடிச்சிட்டேன்" என்று ஃபோனில் சொன்னபோது அவள் குரலில் பல மாதத்துக்குப் பிறகு தெம்பு கேட்டது. நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை.

எங்கள் அலுவலகத்தில் தீபாவளியைவிட அது பெரிசு. லோரிகளைக் கழுவி மாலை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மாடியில் கணினி, பிரிண்டர், ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம். பூஜை நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். மறுநாள் காலைவரை கருவிகளுக்கு ஓய்வு. பெரிய முதலாளி காலத்திலிருந்து அப்படித்தான். அணைப்பது என் வேலை. அன்றைக்கு நல்ல நேரம் நாலே கால். நான் அணைத்தேன், முதலாளி மணியடித்தார், கற்பூரம் காட்டினோம், சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டோம். முடிந்து பார்த்தால் பக்கத்து மேசையின் ஃபோன் ரிசீவர் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. யார் இப்படிப் போட்டது என்று ஓட்டுநர்களை ஒரு அதட்டல் போட்டுவிட்டு எடுத்து வைத்தேன்.

ஐந்தரைக்கு முதலாளிக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஃபோன் வந்தது. ஐந்து மணிக்குள் அறிக்கை போயிருக்க வேண்டிய ஒரு கொள்கலன், உள்ளே ரப்பர் கையுறைகள், அறிக்கை போகாமல் கப்பலைத் தவறவிட்டுவிட்டது. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டேன். "கனெக்‌ஷன் போயிருச்சு அக்கா. நாலே காலுக்கு. அதுக்கப்புறம் வரவே இல்ல" என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

முதலாளி பூஜைத் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தார். "பாத்தீங்களா? ட்ரயல்லயே இப்படின்னா? டல்லா இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன்." சுங்கை வே பெண்ணை ஃபோனில் கூப்பிட்டு, என் ஆத்திரம் தீர, கேட்க முடியாதபடி பேசினேன். சின்னக் கம்பெனியை நம்பி ஒரு குடும்பத்தையே நட்டாற்றில் விட்டுவிட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் சாரி அக்கா, பார்க்கிறேன் அக்கா என்றாள்.

மறுவாரம் முதலாளி கோட்டுக்காரரோடு ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். தீபாவளி முடிந்ததும் பக்கத்து மேசைக்காரி லெட்டர் கொடுத்தாள். இரண்டே வரி. என் கையெழுத்தும் வேண்டியிருந்தது; போட்டேன். வீட்டுக்கு அருகில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காலையில் மூன்று மணி நேரம் காய்கறி வெட்டும் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். பதினெட்டு வருட அனுபவம் வெங்காயம் வெட்டப் போகிறது.

அதற்கு அடுத்த வாரம் சுங்கை வே பெண் தன் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியைக் கழற்றி, வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கு நாலே காலுக்கு உங்க ஆபீஸ்ல கரண்ட் போச்சா? எங்க சைட் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தப் பெட்டியில மட்டும் பவர் போனதா காட்டுது."

"இல்லையே" என்றேன். உடனே, கொஞ்சம் எரிச்சலோடு. சொல்லிவிட்டுத் திரும்பினேன், மானிட்டரின் மேல்விளிம்பில் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினேன். உள்ளே ஜாங்கான் ஆஃப்.

நாலே காலுக்குச் சுவிட்சை அணைத்தது நான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நாங்கள் கோலம் போட்டு, சுண்டல் பிரித்து, குத்துவிளக்கு துடைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மேசைக்காரிதான் தன் மேசையில் உட்கார்ந்து அன்றைய கடைசி அறிக்கைகளை முடிப்பாள். "நீங்க பூஜையப் பாருங்க, இத நான் பாத்துக்கிறேன்" என்பாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கோப்புகளை நான் பார்ப்பேன். யாரும் வகுத்த விதியில்லை, அதுவாக அமைந்தது. கடைசி அறிக்கை போனதும் அவள் நாற்காலியைத் திருப்பி, "முடிஞ்சது, அணைச்சுக்குங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் சுவிட்சுக்குப் போவேன். பதினேழு வருடம் அப்படித்தான். இந்த வருடம் அந்த நாற்காலி காலியாக இருந்தது. சொல்ல ஆளில்லை, அதனால் நான் கேட்கவும் இல்லை. அவள் வேலை செய்துகொண்டுதான் இருந்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இருபத்துமூன்று வரிசை அட்டவணை போட்டவள் நான். சுவிட்சில் கை வைக்கும்போது அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனேன். கணவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் கேன்டீனில் வெட்டிக்கொண்ட காயத்துக்குப் பிளாஸ்டர். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டு, வாசலிலேயே சொன்னேன்.

"நான்தான்மா அணைச்சேன். மெயின் சுவிட்ச."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "தெரியும் அக்கா."

"எப்படித் தெரியும்?"

"இன்னும் ஒண்ணு பாக்கி, கொஞ்சம் இருங்கன்னு சொல்லத்தான் ஃபோன் பண்ணேன். டிரைவர் அண்ணன் எடுத்து, பூஜை நடக்குது இருங்கன்னு மேசையில வச்சிட்டாரு. மணிச் சத்தம் கேட்டுச்சு. பாத்தா இங்க கனெக்‌ஷன் இல்ல."

"அப்பவே ஏன் சொல்லல? உன் வேலையே போயிருச்சே!" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. தப்புச் செய்தவள் நான், கத்தியவளும் நான்.

அவள் கணவரின் வாயைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"என்னன்னு சொல்றது அக்கா? பூஜை பண்ணதால கப்பல் போச்சுன்னு நான் சொல்லலாமா? வேற யாராச்சும் சொன்னா அது ஒரு பேச்சு. நான் சொன்னா அது வேற பேச்சு."

பதினேழு வருடம் எங்கள் சுண்டலைச் சாப்பிட்டவள், எங்கள் பூஜைக்காகக் கடைசி அறிக்கை வரை உட்கார்ந்தவள். அவளுக்கு எங்களிடம் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவள்தான் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று வந்தது.

"பூஜைக்கு அணைக்கிறது தப்பா அக்கா? அப்பா காலத்துலேர்ந்து..."

"பூஜை தப்பில்ல பாஸ். அப்பா காலத்துல அவங்க முடிஞ்சதுன்னு சொன்ன பிறகுதான் அணைச்சோம். இந்தத் தடவ ஒருத்தங்க வேல செஞ்சிட்டு இருக்கும்போதே நான் அணைச்சேன். கப்பல் போனதுக்கு அந்தக் கம்பெனி காரணமில்ல. நான் காரணம்."

கோட்டுக்காரரின் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு உடைக்க முடியாது. எனக்குத் தெரியும், கேட்டுப் பார்த்தேன், பாலிசியைப் பொறுத்தது என்றார். கடைசியில் முதலாளி, "அவங்களுக்கு மட்டும் அந்த டல் கம்பெனியில ஒரு சீட் எடுங்க. நானே ஃபோன் பண்ணி அவங்ககிட்ட பேசுறேன்" என்றார்.

சுங்கை வே பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து பேருக்காவது சீட் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதியாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு குடுக்குறேன் அக்கா. ஆனா அன்னிக்குத் திட்டுனதுக்கு ஒரு தே தாரேக் வாங்கித் தரணும்" என்றாள். டீயோடு ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்தேன்.

பக்கத்து மேசைக்காரியிடம் முதலாளி என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, பெட்டியும் திரும்பி வந்தபின், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு, ஆளில்லாத மேசையில் அறிக்கைகள் மறுபடியும் போகத் தொடங்கின. மற்ற நாங்கள் இன்றைக்கும் லோரிப் படம் போட்ட அந்தப் பளபளப்பான திரையில்தான் மல்லாடுகிறோம். நேற்று வைத்த ஃபைல் சில நாள் இருக்கிறது, சில நாள் இருப்பதில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கு நல்ல நேரம் மூன்றரைக்கு வந்தது. கற்பூரம் தட்டில் தயார். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நான் ஒரு கையைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுகையால் அவளுடைய மேசை ஃபோனில் அவளைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சதா?"

"இன்னும் ரெண்டு இருக்கு அக்கா."

முதலாளி மணியோடு என்னைப் பார்த்தார். ரெண்டு இருக்காம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார், அப்பா படத்தைப் பார்த்தார். "நிப்போம்" என்றார். நின்றோம். ஓட்டுநர்கள் சுவரில் சாய்ந்தார்கள். சுண்டல் ஆறியது. நல்ல நேரம் தாண்டிவிடுமோ என்று எனக்கு உள்ளூர எரிச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து அவள் குரல் வந்தது.

"போயிருச்சு. முடிஞ்சது, அணைச்சுக்குங்க அக்கா."

"சரிம்மா, வச்சிடவா?"

"வைக்காதீங்க. ரிசீவர மேசையிலயே வைங்க. மணி கேக்கட்டும்."

ரிசீவரை அவள் மேசையில் வைத்துவிட்டுச் சுவிட்சை அணைத்தேன். முதலாளி மணியை எடுத்தார்.